பிட்சரின் முழங்கை: ஓய்வா, ஒப்பரேசனா?

ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வருகிறது. அங்கே பேஸ்போல் விளையாடும் பெடியனுக்கு முழங்கையில் நோ. "ரொமி ஜோன் ஒப்பரேசன்" பற்றி வைத்தியர் கதைத்திருக்கிறார். முழங்கையில் கிழிந்த நாருக்குப் பதிலாக உடம்பின் வேறோர் இடத்து நாரை எடுத்துக் கட்டுவது அது. யாழ்ப்பாணத்து வீட்டில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "கத்தி வைக்க விடாதேங்கோ, எண்ணெய் பூசி ஒரு மாதம் கையை ஆட்டாமல் வச்சிருந்தால் மாறிப்போம்" என்பது ஒரு கட்சி. "அங்க பெரிய ஆக்கள் எல்லாரும் செய்யினம், செய்தால் முந்தினதைவிட வேகமா எறியலாமாம்" என்பது மற்றது. எந்த நார், எவ்வளவு, எந்த நுனியில் கிழிந்திருக்கிறது என்று இரண்டு கட்சியும் கேட்பதில்லை. முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் கேள்விதான்.

பேஸ்போல் நமக்குத் தூரமான விளையாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. ஈட்டி எறிபவரும், எல்லைக் கோட்டிலிருந்து விக்கெட் காப்பாளருக்குப் பந்தை விட்டெறியும் கிரிக்கெட் வீரரும் இதே மூட்டைத்தான் வருத்துகிறார்கள். பேஸ்போலில் மட்டைக்காரருக்குப் பந்து எறிபவரைப் பிட்சர் என்பார்கள். அவர் ஒரே ஆட்டத்தில் தொண்ணூறு, நூறு தடவை முழு வேகத்தில் எறிகிறார். அதனால்தான் இந்தக் காயம் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது.

படலையும் கட்டும்

கதிகாலில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட படலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். திறக்கும், சாத்தும். அந்த ஒரு வழியில்தான் அது அசைய வேண்டும். ஒரு பிள்ளை படலையின் மற்ற நுனியைப் பிடித்துத் தொங்கினால் என்ன நடக்கும்? பாரம் முழுவதும் மேல் கட்டில் இறங்கும். ஒரு நாளில் அறாது. நாளும் பொழுதும் தொங்கினால் கயிற்றின் புரிகள் ஒவ்வொன்றாக விடும், படலை சரியும், கடைசியில் ஒரு நாள் கட்டு அறும்.

முழங்கையும் அப்படி ஒரு வழியில் மடங்கி நீளும் மூட்டு. அது பக்கவாட்டில் திறந்துவிடாமல் பிடித்திருக்கும் கட்டைத்தான் லிகமென்ட் என்கிறோம். லிகமென்ட் எலும்பை எலும்போடு கட்டும் நார். ரெண்டன் தசையை எலும்போடு கட்டும் நார். ஊரில் இரண்டையும் "நரம்பு" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நரம்பு என்பது செய்தி கொண்டுபோகும் கம்பி, அது வேறு.

வலது முழங்கையின் உட்பக்கத்தை இடது கையால் தடவிப் பாருங்கள். துருத்திக்கொண்டு ஓர் எலும்புமுனை தட்டுப்படும். அங்கே தொடங்கி, முன்கையில் சின்னவிரல் பக்கமாக ஓடும் எலும்பின் தலைப்பில் சில சென்ரிமீற்றர் கீழே போய்ப் பதிவதுதான் உட்பக்க லிகமென்ட். அதே முனைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் உல்னர் நரம்பு ஓடுகிறது. கதவில் முழங்கை இடித்துச் சின்னவிரல் பக்கம் சுரீர் என்று இழுப்பது அதனால்தான். இந்த நரம்பு பிறகும் கதைக்குள் வரும்.

எறியும்போது என்ன நடக்கிறது

கிரிக்கெட் பந்துவீச்சாளர் பந்தை விடும் நேரத்தில் முழங்கையை 15 பாகைக்கு மேல் நீட்டக்கூடாது என்பது விதி. ஆகவே வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகெலும்புதான் வெடிக்கும், முழங்கை ஓரளவு தப்பிவிடும். பிட்சருக்கு அந்த விதி இல்லை. அவர் முழங்கையை மடக்கி, முன்கை முதுகுப் பக்கம் கிட்டத்தட்டப் படுக்கும் அளவுக்குத் தோளைப் பின்னால் திருப்பி, பிறகு முன்னால் வெட்டி இழுக்கிறார். தோள் திரும்பும் அந்த வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 7,000 பாகை. மனித உடலில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று.

மேற்கை முன்னால் பாய, முன்கையும் பந்தும் ஒரு கணம் பின்தங்கி நிற்கும். அந்தக் கணத்தில் முழங்கையின் உட்பக்கம் வாய் பிளக்கப் பார்க்கிறது. பிள்ளை படலையில் தொங்குவது இதுதான். வளர்ந்த பிட்சர்களில் அந்தத் திருக்கத்தை அளந்தால் 64 நியூட்டன் மீற்றர் அளவில் வருகிறது. விளங்கும்படி சொன்னால், முழங்கையிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி, உள்ளங்கையில் 22 கிலோவைத் தூக்கிவிட்ட மாதிரி. இறந்தவர்களின் கைகளில் சோதித்தபோது லிகமென்ட் மட்டும் தனியே தாங்கியது அதில் ஏறத்தாழப் பாதிதான்.

அப்படியென்றால் ஒவ்வொரு எறியிலும் அது அறுந்துபோக வேண்டுமே? போகாததற்குக் காரணம், உட்பக்க எலும்புமுனையில் தொடங்கி மணிக்கட்டுக்கு ஓடும் முன்கைத் தசைகள் மீதிப் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. தசை களைத்துவிட்டால் பங்கு பிரிக்க ஆள் இல்லை, பாரம் நாரில் இறங்கும். நல்ல உடற்கட்டுள்ள பெடியன் எழுபதாவது எறிக்குப் பிறகு காயப்படுவதன் இரகசியம் இதுதான். எறிகளை எண்ணச் சொல்வதும் இதனால்தான்.

இதுவரை சொன்னது: உட்பக்க லிகமென்ட் ஒரு கட்டு. தலைக்கு மேலாக எறிவதுதான் அதைச் சோதிக்கிறது. தசைகள் அதன் காவலாளிகள்.

காயம் எப்படித் தெரியும்

சிலருக்கு ஓர் எறியில் "டப்" என்று கேட்டு, கை உடனே செத்த மாதிரி ஆகிவிடும். பலருக்கு மெதுவாக வரும். வேகம் குறையும், குறி தவறிப் பந்து உயரமாகப் போகும், ஆட்டத்துக்கு அடுத்த நாள் உட்பக்கம் தொட்டால் நோகும். சின்னவிரல் விறைப்பது உல்னர் நரம்பும் இழுபடுகிறது என்பதற்கு அடையாளம்.

வைத்தியர் முதலில் செய்வது கைச் சோதனை. பெருவிரலைப் பிடித்து முன்கையை வெளிப்பக்கம் இழுத்தபடி முழங்கையை மடக்கி நீட்டுவார். 70 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையில் உட்பக்கத்தில் அதே பழைய நோ வந்தால் சந்தேகம் பலப்படும். பிறகு எக்ஸ்ரே, எலும்பு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க. லிகமென்ட் எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். மூட்டுக்குள் சாயம் ஏற்றி எடுத்தால் சின்னக் கிழிசலும் தெரியும்.

ஆனால் நோவே இல்லாத பிட்சர்களின் எம்ஆர்ஐ படங்களிலும் லிகமென்ட் தடித்து, நைந்துதான் தெரியும். ஆகவே படத்தை மட்டும் வைத்து ஒருவரும் கத்தியைத் தூக்குவதில்லை. படமும் கைச் சோதனையும் விளையாட்டுக்காரர் சொல்லும் கதையும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும்.

கிழிசலில் கேட்க வேண்டியவை இரண்டு. எவ்வளவு: இழுபட்டு மட்டும் இருக்கிறதா, பாதி கிழிந்ததா, முழுதாக அறுந்ததா? எங்கே: மேல் நுனியிலா, கீழ் நுனியிலா? மேற்கை எலும்போடு சேரும் மேல் நுனிப் பக்கத்துப் பாதிக் கிழிசல்கள் ஓய்வுக்கு நன்றாக இணங்கும். முன்கை எலும்போடு சேரும் கீழ் நுனிக் கிழிசல்கள் ஓய்வுக்குப் பிறகும் மீண்டும் நோவோடு திரும்பி வருவது அதிகம்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கதை வேறு

சின்னப் பிள்ளைகளில் கட்டு உறுதி, கதிகால்தான் இளசு. முழங்கையின் உட்பக்க முனை 15 முதல் 17 வயது வரை எலும்போடு முழுதாக ஒட்டுவதில்லை. இடையில் ஒரு குருத்தெலும்புப் படை இருக்கும். எலும்பு வளருவது அந்த வளர்ச்சித் தட்டில்தான். எறியும் இழுவையில் லிகமென்ட் அறுவதற்கு முன்பே இந்தத் தட்டு எரிச்சல்பட்டு அகலும்.

இதற்கு மருந்து ஓய்வு. நான்கு முதல் ஆறு கிழமை எறிதல் முற்றாக நிற்க வேண்டும், பிறகு மெல்ல மெல்லத் திரும்பலாம். லிகமென்ட் ஒப்பரேசன் பற்றிய பேச்சே இந்த வயதில் பெரும்பாலும் தேவையில்லை. எலும்புமுனையே பெயர்ந்து தள்ளிப்போய்விட்டால் ஸ்குரூ போட்டுப் பொருத்த வேண்டி வரலாம். அது எலும்பு முறிவுக்கான வைத்தியம். இரண்டையும் குழப்பிக்கொண்டு "பிள்ளைக்கும் ரொமி ஜோன்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

ஓய்வு என்றால் சும்மா இருப்பதல்ல

ஓய்வு என்று எழுதிக் கொடுத்ததும் கையைத் தூக்கில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் இருப்பவருக்கு நார் ஆறினாலும் மூட்டு இறுகிவிடும். முழங்கை மிக வேகமாக இறுகும் மூட்டு. இங்கே ஓய்வு என்ற சொல்லுக்குப் பொருள் எறியாமல் இருப்பது. மடக்கி நீட்டலாம், எழுதலாம், சாப்பிடலாம். ஆனால் எறிதல் என்றால் எல்லா எறிதலும். பயிற்சியில் பந்தைத் திருப்பிப் போடுவதும், மாங்காய்க்குக் கல்லெறிவதும் அதில் அடங்கும்.

பாதிக் கிழிசலுக்கு வழமையான ஒழுங்கு இப்படிப் போகும். முதல் ஆறு கிழமை எறியே இல்லை. நோ தணிந்ததும் முன்கைத் தசைகள், தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் தசைகள், இடுப்பு, கால் என்று வலுப்படுத்தத் தொடங்குவார்கள். கால் எதற்கு என்று கேட்கலாம். எறியின் விசை தரையிலிருந்து கால், இடுப்பு, தோள் வழியாக ஏறி வருகிறது. கீழே பலவீனம் இருந்தால் மிச்ச வேலையை முழங்கை செய்ய வேண்டி வரும். தொட்டாலும் இழுத்தாலும் நோவில்லை என்று ஆன பிறகே பந்து கைக்கு வரும்.

முதல் நாள் தூரம் 45 அடி, ஏறத்தாழ 14 மீற்றர். உடலைச் சூடாக்கி 25 எறி, ஐந்து முதல் பத்து நிமிட ஓய்வு, மீண்டும் 25 எறி. அடுத்த நாள் எறியக்கூடாது. அந்தத் தூரத்தில் 75 எறி நோவில்லாமல் முடிந்தால்தான் 60 அடிக்குப் போகலாம். பிறகு 90, 120 என்று ஏறும். அதன் பின்பே பிட்சர் நின்று எறியும் மேடு. அங்கிருந்து மட்டைக்காரரின் தளம் 18.44 மீற்றர். முதலில் பாதி வேகம், பிறகு முக்கால். வளையும் பந்துகள் கடைசியில். ஒரு படியில் நோ வந்தால் அடுத்த படிக்குத் தாவக்கூடாது, முந்தின படிக்கு இறங்க வேண்டும்.

இது எல்லாருக்கும் பலிக்குமா? 2001 இல் வெளியான ஓர் ஆய்வில் 31 எறி வீரர்கள் ஒப்பரேசன் இல்லாமல் வைத்தியம் பெற்றார்கள். 42 சதவீதத்தினர் பழைய நிலைக்குத் திரும்பினர், சராசரியாக 24 கிழமைகளுக்குச் சற்று மேல் எடுத்து. கிழிசலின் வகையைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் கிழிசல்காரருக்கு வாய்ப்புக் கூட. நியூயோர்க் யாங்கீஸ் அணியின் மசஹிரோ தனாக்காவுக்கு 2014 இல் பாதிக் கிழிசல். ஒப்பரேசன் செய்யாமல், ஓய்வோடும் இரத்தத் தட்டுக்கூறு ஊசியோடும் அதே ஆண்டு திரும்பி வந்து, பல ஆண்டுகள் அந்த அணிக்கு எறிந்தார். தட்டுக்கூறு ஊசி என்பது ஒருவரின் சொந்த இரத்தத்தை எடுத்து, சுழற்றிப் பிரித்து, ஆறவைக்கும் கூறுகள் செறிந்த பகுதியைக் கிழிசலில் ஏற்றுவது. சில ஆய்வுகள் நன்மை காட்டுகின்றன, சில காட்டவில்லை. பாதிக் கிழிசலுக்கு அது ஓய்வோடு சேரும் உதவி, அவ்வளவுதான்.

ஊர் வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. சூட்டு ஒத்தடமும் மெதுவாக எண்ணெய் தடவுவதும் கெடுதல் செய்யாது. கிழிந்த இடத்தை அழுத்தி உருவுவது செய்யும். நரம்பு அங்கேதான் ஓடுகிறது. புக்கை வைத்து இறுக்கிக் கட்டி வாரக்கணக்கில் விடுவதும் மூட்டை இறுக்கும். ஸ்டீரொய்ட் ஊசியை லிகமென்டுக்குள் ஏற்றினால் நார் பலவீனமாகும். நோ மாத்திரை போட்டுக்கொண்டு "பிக் மட்ச்" முடியட்டும் என்று எறிவது எல்லாவற்றிலும் மோசம். நோதான் எறியாதே என்று சொல்லும் ஒரே மணி, அதையும் அணைத்துவிடுகிறோம்.

மூன்று மாத ஒழுங்கு முடிந்து, மேட்டில் ஏறி எறிந்ததும் அதே இடத்தில் நோ வந்தால் ஓய்வு தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒப்பரேசனைப் பற்றிக் கதைக்கும் நேரம் அப்போதுதான்.

ஒப்பரேசனில் உண்மையில் செய்வது

1974 வரை இந்தக் கிழிசல் என்றால் பிட்சரின் தொழில் முடிந்தது. அந்த ஆண்டு யூலையில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியின் ரொமி ஜோனுக்கு லிகமென்ட் போனது. செப்ரெம்பர் 25 அன்று வைத்தியர் பிராங்க் ஜோப் அவருடைய மற்றக் கையிலிருந்து ஒரு ரெண்டனை எடுத்து முழங்கையில் கட்டினார். மீண்டும் விளையாட நூற்றில் ஒரு வாய்ப்பு என்று ஜோப் கணக்கிட்டிருந்தார். ஜோன் 1975 முழுவதையும் இழந்து, 1976 இல் திரும்பி, 1989 வரை எறிந்தார். ஒப்பரேசனுக்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள்.

எடுக்கும் ரெண்டன் பெரும்பாலும் மணிக்கட்டில் உள்ளது. பெருவிரல் நுனியையும் சின்னவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று எழும்பினால் அதுதான். ஏழு பேரில் ஒருவருக்கு அது பிறவியிலேயே இல்லை. இருப்பவருக்கு அதை எடுத்தாலும் பிடியில் குறை தெரியாது. இல்லாதவருக்குத் தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு ரெண்டன் எடுப்பார்கள்.

இரண்டு எலும்பிலும் துளை போட்டு, ரெண்டனை அதற்குள் கோத்து இழுத்துக் கட்டுகிறார்கள். அன்று அது வெறும் கயிறு. வேலிக்கு ஊன்றிய பச்சைக் கதிகால் மண்ணில் வேர் பிடித்துத் துளிர்க்க எடுக்கும் காலம் போல, அதற்குள் இரத்தக் குழாய் ஓடி, அது லிகமென்ட்டாக மாற மாதக்கணக்கு வேண்டும். யாரும் அதை அவசரப்படுத்த முடியாது. முதல் கிழமை கையை அசையாமல் பிடிக்கும் கட்டு, ஆறாவது கிழமை வரை பூட்டுள்ள பிரேஸ், நான்கு அல்லது ஐந்து மாதத்தில் முதல் எறி, ஒன்பதாவது மாதமளவில் மேடு, போட்டி 12 முதல் 18 மாதத்தில்.

இன்னொரு வகையும் இப்போது உண்டு. லிகமென்ட் நல்ல தரத்தில் இருந்து, ஒரு நுனியில் மட்டும் எலும்பிலிருந்து கழன்றிருந்தால், அதையே திருப்பித் தைத்து மேலால் ஓர் உறுதியான நாடாவை வைத்துக் காப்பார்கள். திரும்பும் காலம் ஆறு முதல் ஒன்பது மாதம். ஆண்டுக்கணக்காக நைந்துபோன நாருக்கு இது பொருந்தாது.

"செய்தால் வேகம் கூடும்" என்ற கதைக்கு வருவோம். 2012 இல் வெளியான அமெரிக்கக் கருத்துக்கணிப்பு ஒன்றில் உயர்பள்ளி வீரர்களில் பாதிப்பேர் காயம் இல்லாதவர்களுக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று நினைத்தார்கள்! ஒட்டிய ரெண்டன் ஒரு கட்டு. கட்டு வேகம் தராது. பதினைந்து மாதம் ஒழுங்காகக் காலும் இடுப்பும் தோளும் வலுப்படுத்தியவருக்கு வேகம் கூடலாம், காயத்துக்கு முந்திய மாதங்களில் நோவோடு எறிந்த வேகத்தோடு ஒப்பிட்டால் கூடினதாகவும் தோன்றலாம்.

2010 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஒப்பரேசன் செய்த எறி வீரர்களில் 83 சதவீதத்தினர் பழைய தரத்துக்கோ அதற்கு மேலோ திரும்பினர். மற்றவர்கள் திரும்பவில்லை. உல்னர் நரம்பு எரிச்சல், மூட்டு இறுக்கம், துளை போட்ட எலும்பு வெடித்தல், புதிய நார் மீண்டும் அறுதல் என்பவை நடக்கக்கூடியவை. ரொறன்ரோ அணியில் எறிந்த ஹியுன் ஜின் ரியூவுக்கு 2004 இல் பள்ளி மாணவனாக ஒரு தடவை, 2022 இல் இன்னொரு தடவை. யப்பானிய நட்சத்திர வீரர் ஷோஹெய் ஒட்டானிக்கும் 2018 இலும் 2023 இலும் அதே முழங்கைதான்.

ஆளைப் பார்த்து முடிவு

கிழிவது ஒரே நார்தான், ஆனால் நாலு ஆளுக்கு நாலு முடிவு வரும்.

பதினேழு வயது, மேல் நுனியில் பாதிக் கிழிசல், அடுத்த பருவத்துக்கு எட்டு மாதம் இருக்கிறது: ஓய்வைத் தயங்காமல் முயலலாம். தோற்றாலும் இழப்பது மூன்று மாதம். இருபத்திரண்டு வயதுத் தொழில்முறை வீரர், கீழ் நுனியில் முழுதாக அறுந்திருக்கிறது: மூன்று மாதம் காத்திருப்பது பெரும்பாலும் வீண், அந்த மூன்று மாதமும் பின்னால் வரும் பதினைந்தோடு கூடிவிடும். கீழ் நுனியில் பாதிக் கிழிசல் உள்ளவர்தான் உண்மையான சிக்கலில் இருக்கிறார். அவருடைய முடிவை வைத்தியத்தைவிட நாட்காட்டிதான் தீர்மானிக்கிறது.

நாலாவது ஆள், சனிக்கிழமை பின்னேரம் மட்டும் விளையாடி, இனி எறியாவிட்டாலும் பரவாயில்லை என்பவர். முழுதாக அறுந்திருந்தாலும் அவருக்கு ஒப்பரேசன் தேவையில்லை. சைக்கிள் ஓடவும், கிணற்றில் அள்ளவும், சீமெந்துப் பை தூக்கவும் இந்த லிகமென்ட் கட்டாயமில்லை. பேஸ்போலிலேயே ஒரு விந்தை உண்டு. ஆர். ஏ. டிக்கியின் வலது முழங்கையில் அந்த லிகமென்டே இல்லை என்று 1996 இல் கண்டுபிடித்த அணி, தருவதாகச் சொன்ன 8,10,000 டொலரை 75,000 ஆகக் குறைத்தது. மெதுவாகத் தத்தளித்துப் போகும் ஒரு வகைப் பந்தை எறியப் பழகிய அவர் 2012 இல் அந்த விளையாட்டின் மிக உயர்ந்த பிட்சர் விருதைப் பெற்றார். எல்லாருக்கும் இது வழி அல்ல, ஆனால் நார் இல்லாவிட்டால் கை முடிந்தது என்ற எண்ணத்துக்குப் பதில்.

கிளினிக்குக்குப் போகும்போது

என்பு வைத்திய நிபுணரிடம் போகிறவர் எம்ஆர்ஐ அறிக்கையை மட்டுமல்ல, படத்தையும் கொண்டுபோக வேண்டும். கேட்க வேண்டியவை: பாதியா முழுதா, மேல் நுனியா கீழ் நுனியா, எலும்பு பெயர்ந்திருக்கிறதா, நரம்பு சம்பந்தப்பட்டிருக்கிறதா, ஓய்வு தோற்றது என்று எந்தத் திகதியில் முடிவெடுப்போம். கடைசிக் கேள்வியை மறக்கிறவர்கள்தான் "இன்னும் ஒரு மாதம்" என்று ஓராண்டைத் தொலைக்கிறார்கள். கையை நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, சின்னவிரல் விறைப்பு விடாமல் நின்றாலோ, முழங்கை உருமாறித் தெரிந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

திரும்பிய பிறகு எண்ணிக்கைக் கொப்பி ஒன்று வேண்டும். அமெரிக்காவில் பாவிக்கும் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி, ஒரு நாளைக்கு 11, 12 வயதில் 85 எறி, 13 முதல் 16 வரை 95, 17, 18 வயதில் 105 என்று எல்லை போடுகிறது. 14 வயது வரையானவர் 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் எறியக்கூடாது. ஆண்டில் நான்கு மாதம் மேட்டுப் பக்கமே போகக்கூடாது. ஈட்டிக்காரருக்கும் கிரிக்கெட் களத்தடுப்பாளருக்கும் இந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் எல்லைக் கோட்டிலிருந்து பயிற்றுநர் எறியச் சொல்லும் ஐம்பதும் அதே கொப்பியில்தான் ஏற வேண்டும்.